கரிசல் சாலையில் தனிச் சைக்கிள்



அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கு நோக்கித் திருச்சுழிக்கும், அதற்கப்பால் நரிக்குடிக்கும் பயணம் செய்தவர்கள் அந்த நிலத்தின் இயல்பை அறிவார்கள். அது வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால் வயல் விளையும். மழை பொய்த்தாலோ குண்டாறும் வெறும் மணலாகக் கிடக்கும். சாலையோரங்களில் சீமைக் கருவேலம் மண்டி நிற்கும். அதன் முள் சைக்கிள் டயரைப் பதம் பார்க்கும். அதன் நிழலோ ஒருவர் ஒதுங்கப் போதாது. சித்திரை மாதத்து நண்பகலில் ஓர் ஊரை விட்டு அடுத்த ஊரை அடையும்வரை எதிரே ஒரு மனிதரையும் காணாமல் செல்ல நேர்வதும் உண்டு.

இத்தகைய சாலைகளில் தனியே சைக்கிளில் செல்வோர் பலர். அரசு தந்த சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் பதினோராம் வகுப்பு மாணவியும் அவர்களில் ஒருவர். வேலைக்குச் சென்று அந்தி சாய்ந்தபின் திரும்பும் தொழிலாளியும் ஒருவர். உடல் உறுதிக்காகவும் ஊர் பார்க்கும் ஆவலாலும் விடியற்காலையில் நெடுந்தூரம் செல்லும் கல்லூரி மாணவரும் ஒருவர். இவர்களுள் யாரேனும் ஒருவர் வழியில் விழுந்துவிட்டால் என்ன நேரும் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஒரு மாணவரை எண்ணிப் பாருங்கள். கிளைச் சாலை ஒன்றில் செல்கிறார். ஓர் ஓடைப் பாலத்தருகே பள்ளத்தில் சக்கரம் இறங்கிவிடுகிறது. அவர் தூக்கி எறியப்பட்டுச் சாலைக்குக் கீழே விழுகிறார். கால் முறிந்துவிட்டது, எழ இயலவில்லை. சாலையில் செல்வோர் கண்ணுக்கு அவர் தெரியமாட்டார். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் அவரது உயிர் மூன்று கேள்விகளைப் பொறுத்து நிற்கிறது. அவர் எங்கே கிடக்கிறார்? அவர் வந்து சேரவில்லை என்பதை யார் உணர்வார்கள்? உணர்ந்தவர் யாரை அழைப்பார்?

முதற் கேள்விக்கு இன்றைய விஞ்ஞானம் வியத்தகு விடையைத் தந்திருக்கிறது. பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. உலகம் முழுவதற்கும் பயன்பட 24 கோள்கள் வேண்டும். அந்த அமைப்பு 1995ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. நம் நாடும் 2013ஆம் ஆண்டில் முதற் கோளை ஏவி, ‘நாவிக்’ என்னும் சொந்த அமைப்பைத் தொடங்கியது. ஒவ்வொரு கோளும், ‘நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்; இப்போது மணி இவ்வளவு’ என்று இடைவிடாது அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அறிவிப்பு வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக் கொண்டு, கோளுக்கும் தனக்கும் உள்ள தூரத்தைக் கைப்பேசி கணக்கிடுகிறது. அலை நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருவதால், நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் இடம் 300 மீட்டர் தவறிவிடும். ஆகையால் மூன்று கோள்களைக் கொண்டு இடத்தையும், நான்காவது கோளைக் கொண்டு தன் கடிகாரத்தின் பிழையையும் கைப்பேசி திருத்திக்கொள்கிறது.

அவ்வாறு கிடைக்கும் விடை இரண்டு எண்கள். ஒன்று அட்சரேகை, மற்றொன்று தீர்க்கரேகை. அருப்புக்கோட்டை ஏறக்குறைய 9.5 பாகை வடக்கிலும் 78.1 பாகை கிழக்கிலும் இருக்கிறது. அட்சரேகையில் ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். புள்ளிக்குப் பின் ஓர் எண் மட்டும் சொன்னால், தேடுபவர் பதினொரு கிலோமீட்டர் அலைய வேண்டும். நான்கு எண்கள் சொன்னால், பதினொரு மீட்டருக்குள் வந்து நிற்கலாம். பூகோள வகுப்பில் சலிப்போடு மனப்பாடம் செய்த கோடுகள் ஓர் உயிரைக் காக்கும் இடம் இதுவே.

ஆனால் இங்கே பலரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. செயற்கைக்கோள் பேசுகிறது, கைப்பேசி கேட்கிறது. அவ்வளவே. கைப்பேசி தன் இடத்தை அந்தக் கோளுக்குத் திருப்பிச் சொல்வதில்லை. நம் மாணவர் எங்கே கிடக்கிறார் என்பது அவர் சட்டைப்பையில் உள்ள கருவிக்குத் தெரியும். உலகில் வேறு எவருக்கும் தெரியாது. அதைப் பிறருக்குச் சொல்லத் தொலைபேசிக் கோபுரத்தின் அலை வேண்டும். அலை மெலிந்த இடங்களில் இணைய வழிச் செய்திகள் தேங்கி நிற்கும். சாதாரணக் குறுஞ்செய்தியோ சில வேளை நழுவிச் சென்றுவிடும். ஆகையால் அத்தகைய இடத்தில் அந்த இரண்டு எண்களையும் குறுஞ்செய்தியாக அனுப்ப முயல்வது அறிவுடைமை.

அலை எட்டாத இடத்துக்கு வேறு வழி இல்லையா என்று கேட்கலாம். செயற்கைக்கோள் வழியாகவே செய்தி அனுப்பும் சிறு கருவிகளை வெளிநாட்டுச் சைக்கிள் வீரர்கள் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் உரிய அனுமதியின்றி அவற்றை வைத்திருக்கச் சட்டம் இடம் தருவதில்லை. இங்கு வந்த வெளிநாட்டார் சிலர் இதை அறியாமல் வழக்கில் சிக்கியதும் உண்டு. கடலுக்குச் செல்லும் நம் மீனவர்களுக்கென்று இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் ஓர் அபாய அறிவிப்புக் கருவியைச் செய்து தந்திருக்கிறது. அதன் இரண்டாம் தலைமுறைக் கருவியில் ஒரு சிறப்பு உண்டு: மீனவர் அனுப்பிய அபயக் குரல் கரையில் கேட்டது என்ற மறுமொழி, படகில் இருப்பவருக்கே வந்து சேர்கிறது. ஏன் அதைச் சேர்த்தார்கள்? நம் குரலை ஒருவர் கேட்டுவிட்டார் என்ற நம்பிக்கையே துன்பத்தில் கிடப்பவருக்கு முதல் மருந்து அன்றோ?

இதுவே நம்மை இரண்டாம் கேள்விக்குக் கொண்டுவருகிறது. வரவில்லை என்பதை உணர்பவர் யார்?

திருச்சுழியில் 1879ஆம் ஆண்டில் பிறந்த வேங்கடராமன் என்ற சிறுவர், 1896ஆம் ஆண்டில் மதுரையில் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு வீட்டை விட்டுப் புறப்பட்டார். போகுமிடத்தைக் கடிதத்தில் சொல்லவில்லை. தம்மைத் தேட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அவர் திருவண்ணாமலையில் இருப்பதை வீட்டார் அறிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. அவரையே உலகம் பின்னர் ரமண மகரிஷி என்று போற்றியது. துறவுக்குப் புறப்பட்டவருக்கு அது பொருந்தும். மாலையில் வீடு திரும்ப விரும்பும் சைக்கிள்காரருக்கு அது பொருந்தாது. அவர் எழுதி வைக்க வேண்டிய கடிதம் வேறு: இன்ன வழியாகப் போகிறேன், இன்ன நேரத்துக்குள் திரும்புவேன், திரும்பாவிட்டால் என்னைத் தேடுங்கள்.

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஒரு நிலையத்தை விட்டுப் புறப்படும் செய்தி அடுத்த நிலையத்துக்குப் போய்விடுகிறது. அங்கே ஒருவர் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். உரிய நேரத்தில் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று அவர் விசாரிக்கிறார். வண்டியின் பாதுகாப்பு வண்டிக்குள் மட்டும் இல்லை. காத்திருப்பவரின் கவனத்திலும் இருக்கிறது. தனியே செல்லும் சைக்கிளுக்கும் அப்படி ஓர் ‘அடுத்த நிலையம்’ வேண்டும். அது தாயாக இருக்கலாம். அறை நண்பராக இருக்கலாம். வழியில் உள்ள தேநீர்க் கடைக்காரராகவும் இருக்கலாம்.

நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்தில் இதன் சாயலைக் காணலாம். பிரான்சு நாட்டின் பாரிஸ் ஆடாக்ஸ் கழகம் வகுத்த முறைப்படி, நம் நாட்டிலும் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் கடக்கும் ஓட்டங்கள் நடைபெறுகின்றன. வழியில் குறித்த இடங்களில் தாம் வந்து சேர்ந்ததை ஓட்டுநர் பதிவு செய்ய வேண்டும். நேர்மையைக் காக்க ஏற்பட்ட வழக்கம் அது. ஆயினும், ஒருவர் கடைசியாக எங்கே காணப்பட்டார் என்ற குறிப்பும் அதில் கிடைத்துவிடுகிறது. தேடுபவருக்கு அதைவிட மேலான துணை வேறில்லை.

இன்று கைப்பேசியிலேயே, நாம் செல்லும் இடத்தை நேரலையாக ஒருவருக்குக் காட்டிக்கொண்டே போகலாம். நல்ல வசதி. ஆனால் பார்ப்பவர் உறங்கிவிட்டால் அந்தப் புள்ளி யாருக்காக நகர்கிறது? எனவே, வழியைக் காட்டுவதோடு நேரத்தையும் சொல்லி வைக்க வேண்டும். ‘பத்து மணிக்குள் பேசுவேன், பத்தரைக்கும் பேசாவிட்டால் என்னை அழையுங்கள், பதினொன்றுக்கும் பதில் இல்லையென்றால் ஆள் அனுப்புங்கள்’ என்று முன்பே பேசி வைத்துக்கொள்வதே முறை. அந்தப் புள்ளியை ஊரறியக் காட்டுவதும் தவறு. 2018ஆம் ஆண்டில், சைக்கிள்காரர்களும் ஓடுபவர்களும் பயன்படுத்தும் ஒரு செயலி வெளியிட்ட உலகப் படத்தில், இராணுவ முகாம்களின் நடமாட்டமே வெளிப்பட்டுவிட்டது. நம் வீட்டு வாசலும் நாம் தனியே செல்லும் நேரமும் அவ்வாறு வெளிப்படலாகாது. நம்பிக்கைக்குரிய இருவருக்குக் காட்டினால் போதும். வீடு சேர்ந்ததும் நிறுத்திவிடலாம்.

கீழே விழுந்ததைத் தானே உணர்ந்து பிறருக்குச் செய்தி அனுப்பும் கருவிகளும் வந்துவிட்டன. வேகம் திடீரென்று மாறுவதை உள்ளிருக்கும் ஓர் உணர்கருவி அளக்கிறது. அதிர்ச்சிக்குப்பின் அசைவில்லை என்றால் அது சில நொடிகள் காத்திருக்கும். நாம் தடுக்காவிட்டால் செய்தியை அனுப்பும். சைக்கிளின் கைப்பிடியில் பொருத்தும் கருவிகளுள் பல, கைப்பேசியின் துணை இல்லாமல் இதைச் செய்ய இயலாதவை. அலை இல்லாத இடத்தில் கைப்பேசியும் ஊமையே. அதைக் கைப்பிடியில் மாட்டி வெயிலில் வைத்தால், சூடேறித் தானே அணைந்துவிடும். விழும்போது சைக்கிள் ஓரிடத்திலும் நாம் ஓரிடத்திலும் கிடப்போம், கைப்பேசி கைக்கெட்டாது. அதை உடலோடு ஒட்டிய பையில் வைத்துக்கொள்வதே நல்லது.

இனி மூன்றாம் கேள்வி. யாரை அழைப்பது? மருத்துவ ஊர்திக்கு 108. நம் மாநிலத்தில் 2008ஆம் ஆண்டு முதல் இந்தச் சேவை நடைபெறுகிறது. எல்லா அவசரங்களுக்கும் பொதுவான எண் 112. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, பந்தல்குடி வழியாகத் தூத்துக்குடிக்குச் செல்வது போன்ற தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணும் உண்டு. பூட்டிய கைப்பேசியிலிருந்தும் அவசர எண்ணை அழைக்க இயலும். அழைக்கும்போது, ‘திருச்சுழி ரோட்டில்’ என்றால் போதாது. அருகில் உள்ள கிலோமீட்டர்க் கல்லின் எண்ணைச் சொல்லலாம். தேசிய நெடுஞ்சாலைக் கல்லின் தலை மஞ்சள்; மாநில நெடுஞ்சாலைக் கல்லின் தலை பச்சை. கல் இல்லையென்றால் மின்கம்பத்தின் எண், பாலம், கோயில், கண்மாய்க்கரை என்று எதையாவது அடையாளமாகச் சொல்லலாம். வழியில் கண்ட கல்லை நினைவில் வைத்திருப்பவருக்கு, மின்கலம் தீர்ந்த பின்னும் ஒரு விலாசம் இருக்கிறது.

நேயர்களே, இந்த ஏற்பாடுகள் எல்லாம் முடிவில் ஒரு மனிதரிடம்தான் போய் நிற்கின்றன. பாலத்தடியில் முனகல் கேட்டு வண்டியை நிறுத்தும் அந்த மனிதர் யார்? ஆடு மேய்ப்பவராக இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம். ‘நமக்கேன் வம்பு? போலீசும் கோர்ட்டும் அலைக்கழிக்குமே!’ என்று ஒதுங்கிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. 2016ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி செய்தது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பை எழுத்திலேயே தந்துவிட்டது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வழி செய்திருக்கிறது. ஆகவே அஞ்ச வேண்டியதில்லை. குருதி பெருகும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கழுத்திலோ முதுகிலோ அடி என்று தோன்றினால், வேறு ஆபத்து இல்லாதவரை அவரை அசைக்காதீர்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அவர்மீது வெயில் படாமல் ஒரு துண்டையோ சேலையையோ விரித்துப் பிடியுங்கள். அந்த நிலத்தில் நிழலும் ஒரு மருத்துவமே.

தனியே செல்வது தவறன்று. தனிமையில் கால்கள் உறுதி பெறும். உள்ளமும் தெளிவு பெறும். ஆனால் தனியே செல்வது வேறு, எவரும் அறியாமல் செல்வது வேறு. தலைக்கவசம், விளக்கு, தண்ணீர், மின்கலம் நிறைந்த கைப்பேசி ஆகிய அனைத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை எடுத்துக்கொண்டபின், வாசலில் ஒரு கணம் நின்று, வீட்டில் இருப்பவரிடம் வழியையும் நேரத்தையும் சொல்லுங்கள். ‘போகிறேன்’ என்று சொல்லாமல், ‘போய் வருகிறேன்’ என்று சொல்வதே நம் மக்களின் வழக்கம். எப்போது வருவேன் என்பதையும் அதனோடு சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும். கரிசல் சாலையில் நீங்கள் எவ்வளவு தூரம் சென்றாலும், உங்களுக்காக நேரத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவர் காத்திருப்பார்.