சராசரி மறைக்கும் கடல்



பரீட்சை முடிந்ததும் வகுப்பின் சராசரிப் புள்ளியைக் கணக்கிடுவது பாடசாலைகளின் வழக்கம். சராசரி 50 என்று வந்தால் அதிபரின் மனம் அமைதியடைகிறது. ஆயினும் 90 புள்ளி பெற்ற மாணவனும் 10 புள்ளி பெற்ற மாணவனும் அந்த எண்ணுக்குள்ளே மறைந்துபோகின்றனர். கரையோரக் கடலை அளந்தோரும் நெடுங்காலம் இவ்வாறே ஏமாந்தனர்.

நோர்வே நாட்டு அறிஞர் நான்சன் அமைத்த நீர்ப்போத்தல்கள் கடலாராய்ச்சிக்குப் பெருந்தொண்டு செய்தவை. ஒரே கம்பியில் வெவ்வேறு ஆழங்களில் அவற்றைக் கட்டி இறக்குவர். பின்னர் சிறு எடையொன்றைக் கம்பிவழியே விடுவர். அது தாக்கியதும் போத்தல் கவிழ்ந்து, அவ்வாழத்து நீரைத் தன்னுள் அடைத்துக்கொள்ளும். ஆனால் 10 மீற்றருக்கு ஒரு போத்தல் இருந்தால், இடையே அரை மீற்றர் தடிப்பில் கிடக்கும் உயிர்ப்படலம் எதிலும் அகப்படாது.

அத்தகைய படலம் உண்டோ எனின், உண்டு. வெயிலில் சூடேறிய இலேசான நீர் மேலும், குளிர்ந்து கனத்த நீர் கீழுமாக நிற்கும் இடங்களில், கண்ணுக்குப் புலனாகாத பாசிகள் மெல்லிய விரிப்புப் போலச் செறிந்து கிடப்பதுண்டு.

இச்செறிவு சிற்றுயிர்களின் வாழ்வையே தீர்மானிப்பது. 1974 ஆம் ஆண்டில் தென் கலிபோர்னியக் கரையோரத்தில் றூபன் லாஸ்கர் என்னும் விஞ்ஞானி, முதலுணவு தேடும் பருவத்து நெத்தலிக் குஞ்சுகளை மேற்பரப்பு நீரிலும், ஆழத்திலே பாசி செறிந்த படலத்து நீரிலும் தனித்தனியே விட்டுப் பார்த்தார். மேல்நீரில் விட்டவை அரிதாகவே உண்டன; படலத்து நீரில் விட்டவையோ நன்கு உண்டன. பின்னர் புயலொன்று கடலைக் கலக்கிப் படலத்தைச் சிதறடித்தது. அதன்பின் எடுத்த நீரில் குஞ்சுகள் உண்பது மிகவும் அருகிப்போயிற்று.

உணவே அன்றி நஞ்சும் கடலில் இவ்வாறு செறிந்து நிற்கக்கூடும். 1991 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் மொன்ரறே குடாவில், நச்சுப்பாசியை உண்ட நெத்தலிகளைத் தின்ற கூழைக்கடாக்கள் பல மாண்டன. நச்சுப்பாசி ஆழத்திலே படலமாக நிற்குமாயின், மேற்பரப்பில் அள்ளிய ஒரு வாளி நீர் அதைக் காட்டிக்கொடாது.

இதனை அளக்கும் கருவி எத்தகையது? நீரின் வெப்பநிலை, மின்கடத்துதிறன், அமுக்கம் ஆகியவற்றை அது இடையறாது அளக்கிறது. மின்கடத்துதிறனிலிருந்து உப்பின் அளவும், அமுக்கத்திலிருந்து ஆழமும் பெறப்படுகின்றன. நீல ஒளியை நீரிற் பாய்ச்சினால் பாசியின் பச்சையம் செவ்வொளி உமிழும். அவ்வொளி பாசியின் செறிவை அறிவிக்கும். வினாடிக்கு 10 சென்ரிமீற்றர் இறங்கி, வினாடிக்கு 10 தடவை அளந்தால், ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் ஓர் அளவு கிடைக்கும்.

ஆனால் இடர் ஒன்றுண்டு. கப்பலோடு இறுகப் பிணைத்த கருவி, கப்பல் அலையில் ஏறி இறங்கும்போது தானும் ஏறி இறங்கி, அளக்க வந்த படலத்தையே கலக்கிவிடும். ஆகவே கம்பியைத் தளரவிட்டு, தன் எடையாலேயே மெல்ல அமிழும்படி கருவியைச் சமன்செய்தனர். கடலடியில் நிறுத்தி, அங்கிருந்து மிதந்தெழுந்து அளந்து, மீண்டும் கீழிழுக்கப்படும் தானியங்கிக் கருவிகளையும் ஆக்கினர். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் அதே மொன்ரறே குடாவில் நடந்த ஆய்வுகளில் இத்தகைய கருவிகள் மெல்லிய படலங்களைப் பின்தொடர்ந்தன.

நேயர்களே, நெத்தலிக் குஞ்சு கடலின் சராசரியை உண்டு வாழ்வதில்லை; தன் வாயருகே உள்ளதை உண்டே வாழ்கிறது. அவ்வாயருகே சென்று, நீரைக் கலக்காது பார்க்கும் பொறுமையே இக்கருவிகளின் சிறப்பு. வகுப்பறையில் நிற்போருக்கும் அது வேண்டற்பாலது.