சப்போர்ட் எப்போது சாகிறது?

2015-ல வந்த விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. மறுநாளும் கம்ப்யூட்டர் ஆன் ஆச்சு. ஆனா இனி புதுசா ஒரு ஓட்டை தெரிஞ்சா, அதை அடைக்கிற பேட்ச் தானா வராது. கூடுதலா ஒரு வருஷத்துக்கு வேணும்னா தனியா பதிவு பண்ணணும். விண்டோஸ் 11-க்குப் போகலாம்னா டிபிஎம் 2.0 கேட்குது. நல்லா ஓடுற பழைய லேப்டாப் பலதும் அங்கேயே நின்னுடும்.

கோபம் வரும்தான். ஆனா தேதியையாவது முன்னாடியே சொன்னாங்க. பெரும்பாலான சாஃப்ட்வேர்ல சப்போர்ட் சத்தமில்லாம சாகும்.

நான் முன்னாடி இருந்த டீம்ல, டெஸ்ட் பண்ண வச்சிருந்த பழைய ஆண்ட்ராய்டு போன் ஒருநாள் பேட்டரி உப்பிப் போச்சு. வேற வாங்கல. அதுக்கப்புறம் அந்த வெர்ஷன்ல யாருமே டெஸ்ட் பண்ணல. ஆப் பக்கத்துல மட்டும் 'சப்போர்ட் உண்டு'ன்னே இருந்துச்சு. பக் வந்தா, "போனை மாத்துங்க"ன்னு பதில். அப்படி ரெண்டு டிக்கெட்டை மூடினது நான்தான். மூணாவது வந்தப்போதான் உறைச்சது: எங்க அப்பா கையில இருக்கறதும் அதே வெர்ஷன்.

பழசை ஒருநாள் நிறுத்தித்தான் ஆகணும். அதைச் சொல்லிட்டு நிறுத்துவோம். நாளைக்கு ஆபீஸ் போனதும் கேட்டுப் பாருங்க: நம்ம லிஸ்ட்ல இருக்கிற ரொம்பப் பழைய போன்ல, ஆப்பை கடைசியா யார் திறந்து பார்த்தாங்க?