கப்பல் வராத துறைமுகம், 1956

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு பாட்டைப் பத்தி. ஜெர்மன் பாட்டு. 1956 மே 24-ஆம் தேதி ராத்திரி, சுவிட்சர்லாந்தோட தெற்கு மூலையில இருக்குற லுகானோ ஊர்ல, குர்சால் தியேட்டர் மேடையில ஒருத்தர் பாடினது. பேர் வால்டர் அந்த்ரியாஸ் ஷ்வார்ட்ஸ். யூரோவிஷன் பாட்டுப் போட்டியில ஜெர்மனி சார்பா முதல்ல பாடின ஆள் இவர்தான்.

"யூரோவிஷன்னா அந்த ஜிகுஜிகு டிரெஸ், பட்டாசு, புகை, அதுதானே?" அப்படின்னு கேப்பீங்க. ஆமா, இப்போ அதுதான். ஆனா முதல் வருஷம் அப்படி இல்லை. ஒரு ஆர்கெஸ்ட்ரா, ஒரு மைக், நின்னு பாடுற ஒரே ஒரு ஆள். குழுவா பாட அனுமதியே கிடையாது. மொத்தம் ஏழே நாடு: நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ், லக்சம்பர்க், இத்தாலி. ஏழு பாட்டை வெச்சு ஒரு ஷோவை ஓட்ட முடியாதுன்னு நாட்டுக்கு ரெண்டு பாட்டு, ஆக 14.

ஐடியா எங்கிருந்து வந்துச்சுன்னா, இத்தாலியில சான் ரெமோன்னு ஒரு பாட்டு விழா 1951-லயே ஆரம்பிச்சிருச்சு. அதைப் பார்த்துட்டு ஐரோப்பிய ஒலிபரப்பு யூனியன்ல இருந்த மார்செல் பெசான்சோன்ங்கிற சுவிஸ்காரர், "நாடு நாடா சேர்ந்து இதை நேரலையில பண்ணலாமே"ன்னு சொன்னாரு. பாட்டு ஒரு சாக்குன்னே சொல்லலாம். மலை தாண்டி, எல்லை தாண்டி ஒரே நேரத்துல ஒரே படத்தை எல்லா நாட்டு டிவிக்கும் அனுப்ப முடியுமான்னு இன்ஜினியர்களுக்கு ஒரு டெஸ்ட். நம்ம ஆளுங்க பாஷையில சொன்னா, புரொடக்ஷன்லயே லோட் டெஸ்ட்.

அப்போ நம்ம பக்கம் என்ன நிலைமை? இந்தியாவுல டிவியே 1959-லதான் டெல்லியில வந்துச்சு. அம்பகரத்தூர்ல, அதாவது எங்க ஊர்ல, பாட்டுன்னா பத்ரகாளியம்மன் கோயில் திருவிழாவுல கட்டுற குழாய் ஸ்பீக்கர்தான். 1956-ல அதுல என்ன ஓடியிருக்கும்? "மதுரை வீரன்", "அலிபாபாவும் 40 திருடர்களும்" ரெண்டுமே அந்த வருஷப் படம்தான். மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

சரி, லுகானோவுக்கு வருவோம்.

முதல்ல மேடை ஏறினவங்க நெதர்லாந்தோட யெட்டி பேர்ல். யூதப் பெண். ஜெர்மன் படை அவங்க நாட்டைப் பிடிச்சப்போ லண்டனுக்குத் தப்பிப் போயி, ரேடியோ ஓரன்யேங்கிற டச்சு வானொலியில ஹிட்லர் ஆட்களைக் கிண்டலடிச்சுப் பாடினவங்க. ரெண்டாவது சுவிஸ் பாடகி லீஸ் ஆசியா, பழைய ராட்டினத்தைப் பத்தி ஒரு பாட்டு. அது ஜெர்மன் மொழியில இருந்துச்சு. அதனால "யூரோவிஷன் மேடையில ஒலிச்ச முதல் ஜெர்மன் பாட்டு எது"ன்னு வினாடி வினாவுல கேட்டா, கண்டிப்பா இதைச் சொல்லுங்க, ஜெர்மனியோட பாட்டைச் சொல்லிராதீங்க. மூணாவது பெல்ஜியத்தோட ஃபூத் லெக்லெர். சேன் நதியில மூழ்கிச் செத்தவங்களைக் கூப்பிட்டுப் பாடுற பாட்டு. முதல் வருஷமே எவ்ளோ ஜாலியா ஆரம்பிச்சிருக்காங்க பாருங்க!

நாலாவது, ஷ்வார்ட்ஸ்.

இவர் 1913-ல ஆஷர்ஸ்லேபன்ங்கிற ஊர்ல பொறந்தவர். அன்னைக்கு வயசு 42, இன்னும் ஒன்பது நாள்ல 43. நாஜிகள் முகாம்ல அடைச்சு வெச்சு, அதுல உயிர் பிழைச்சு வந்தவர். பாப் ஸ்டார் எல்லாம் இல்லை. கபரே மேடை, வானொலி நாடகம், எழுத்து, மொழிபெயர்ப்பு, இதுதான் அவர் உலகம். பாட்டோட வரி, மெட்டு ரெண்டும் அவரே எழுதினது.

இங்க கொஞ்சம் நில்லுங்க. போர் முடிஞ்சு சரியா 11 வருஷம். போட்டியில இருக்குற ஏழு நாட்டுல நெதர்லாந்து, பெல்ஜியம், லக்சம்பர்க், பிரான்ஸ் நாலுமே ஜெர்மனி டாங்கி ஓட்டிட்டுப் போன மண்ணு. அந்த நாடுகளோட ஆட்கள் நடுவர்களா உட்கார்ந்திருக்காங்க. அவங்க முன்னாடி ஜெர்மன் மொழியில, ஜெர்மனிங்கிற பேர்ல பாட யாரை அனுப்புறாங்க? அதே ஜெர்மனி கொல்லப் பார்த்த ஒரு மனுஷனை. இதை யாரோ ராஜதந்திரமா பிளான் பண்ணாங்கன்னு நான் சொல்ல வரல. அவர் அங்க நின்னாருங்கிறதே எனக்குப் போதும்.

பாட்டோட தலைப்பு "இம் வார்ட்டஸால் ட்ஸும் க்ரோஸன் க்ளுக்". தமிழ்ல சொன்னா, "பெரிய அதிர்ஷ்டத்துக்கான வெயிட்டிங் ரூம்ல". ஒரு துறைமுகம். கப்பல் வர்றதே அபூர்வம். கரையில ஒரு கட்டடம், அதுதான் அந்த வெயிட்டிங் ரூம். உள்ள கொஞ்சம் பேர் நேத்துல இருந்து உட்கார்ந்து, நாளைக்கு வரப்போற நல்ல காலத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. இன்னைக்குன்னு ஒண்ணு இருக்குறது அவங்களுக்கு மறந்தே போச்சு. அவ்வளவுதான் கதை. காதல் இல்லை, நிலா இல்லை. பாதி பாட்டு பேசுற மாதிரியே போகும், கதை சொல்ற தாத்தா குரல்ல.

அந்த நேரத்து மேற்கு ஜெர்மனியில இதைப் பாடுறதுக்குத் தைரியம் வேணும். பொருளாதாரம் ராக்கெட் மாதிரி ஏறிக்கிட்டிருந்த காலம். கார், பிரிட்ஜ், இத்தாலி டூர். பழசைப் பத்தி யாரும் வாயைத் திறக்கிறதில்லை. ரேடியோவுல ஷ்லாகர்னு ஒரு வகைப் பாட்டு, நம்ம ஊர் குத்துப்பாட்டுக்கும் மெலடிக்கும் நடுவுல இருக்கும், ஈஸியா வாயில ஒட்டும். அந்தக் கூட்டத்துக்கு நடுவுல இவர் வந்து, "எதுக்குய்யா காத்திருக்கீங்க?"ன்னு கேக்குறார்.

ஜெர்மனியோட ரெண்டாவது பாட்டு இதுக்கு நேர் எதிர். ஃப்ரெடி க்வின்ங்கிற 24 வயசுப் பையன், ராக் அண்ட் ரோல் வாசனையோட, "தினம் ராத்திரி வேற வேற ஆளோட சுத்துறியே"ன்னு காதலியைக் கேக்குற பாட்டு. அதே வருஷம் "ஹைம்வே", அதாவது ஊர் ஏக்கம்னு ஒரு பாட்டுப் பாடி இவர் பெரிய ஸ்டார் ஆயிட்டாரு. ஷ்வார்ட்ஸ் திரும்ப வானொலி நாடகத்துக்குப் போயிட்டாரு.

ஜெர்மன் பாட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டு மெயில் போடாதீங்க, நானே சொல்றேன். முதல் வேலையில "மியூனிக் புராஜெக்ட்டுக்கு உன்னைத்தான் அனுப்பப் போறோம், ஜெர்மன் கத்துக்கோ"ன்னாங்க. சனி, ஞாயிறு கிளாஸ். அடுத்த குவார்ட்டர், அடுத்த குவார்ட்டர்னு ரெண்டு வருஷம் போச்சு. அப்புறம் ஒருநாள் அந்தப் புராஜெக்ட்டே இல்லைன்னு ஒரு மெயில். அந்த ரெண்டு வருஷத்துல நான் பைக் வாங்கல, "எப்படியும் போயிடுவோமே"ன்னு. வீடு மாத்தல. அக்கா பையன் காது குத்துக்குக்கூட, "அப்போ நான் இங்க இருப்பனான்னு தெரியலயே"ன்னு சொன்னவன். இந்தப் பாட்டைக் கிளாஸ்ல கேட்ட அன்னைக்கு எனக்கு அர்த்தம் புரிஞ்ச ஜெர்மன் வார்த்தை ரெண்டே ரெண்டு: "காத்திரு", "இன்று". அதுவே போதுமா இருந்துச்சு.

காரைக்கால்காரங்களுக்குக் காத்திருக்கச் சொல்லித்தர வேண்டியதில்லைங்கிறது வேற விஷயம். தேதியைப் பாருங்க. லுகானோ போட்டி 1956 மே 24. அதுக்கு நாலே நாள் கழிச்சு, மே 28-ஆம் தேதி, இந்தியாவும் பிரான்சும் ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நாலையும் இந்தியாவுக்கு முழுசா விட்டுக்கொடுக்கிற ஒப்பந்தம். நிர்வாகம் 1954 நவம்பர் 1-லயே கை மாறிருச்சு. அதுக்கு முன்னாடி அக்டோபர் 18-ஆம் தேதி கீழூர்ல மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டு, 170 பேர் இந்தியாவோட சேரணும்னு சொன்னாங்க. ஆனா சட்டப்படி? பிரெஞ்சு நாடாளுமன்றம் அந்த ஒப்பந்தத்தை ஏத்துக்கணும். அல்ஜீரியாவுல போர் நடந்துக்கிட்டிருந்துச்சு, காலனியை விட்டுக்கொடுக்கிற பேச்சையே எடுக்க முடியாத சூழ்நிலை. அந்தப் போர் முடிஞ்ச 1962-லதான் ஒப்புதல் கிடைச்சு, ஆகஸ்ட் 16-ல அமலுக்கு வந்துச்சு.

ஆக, ஷ்வார்ட்ஸ் அந்தப் பாட்டைப் பாடின ராத்திரி, அம்பகரத்தூர்ல தூங்கிக்கிட்டு இருந்தவங்க இந்திய நிர்வாகத்துல இருந்தாங்க, சட்டத்துல இன்னும் பிரெஞ்சு மண்ணுல இருந்தாங்க. கிட்டத்தட்ட எட்டு வருஷம் அப்படியேதான். அப்புறம் பிரெஞ்சுக் குடியுரிமை வெச்சுக்கணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக்கொடுங்கன்னு சொன்னாங்க. எழுதிக்கொடுத்த குடும்பம், கொடுக்காத குடும்பம்னு ஒரே தெருவுல ரெண்டு விதி. "அன்னைக்கு எங்க தாத்தா ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா நான் இப்போ பாரிஸ்ல இருந்திருப்பேன்"னு சொல்லாத காரைக்கால் பையனை நான் பார்த்ததில்லை. நானும் சொல்லியிருக்கேன்.

எங்க ஊருக்கு ரயில் ஸ்டேஷனும் ஒண்ணு இருந்துச்சு. பேரளம்–காரைக்கால் மீட்டர் கேஜ் பாதை, பிரெஞ்சு காலத்துல போட்டது. எண்பதுகள்ல ஓட்டத்தை நிறுத்திட்டாங்க. நான் பொறக்குறதுக்கு முன்னாடியே வண்டி போச்சு. "பாதையைத் திரும்பப் போடப் போறாங்க"ங்கிற பேச்சைக் கேட்டேதான் வளர்ந்தேன். இப்போ அகலப்பாதையா போட்டுட்டாங்க, அது வேற. ஆனா கப்பல் வராத துறைமுகத்துல வெயிட்டிங் ரூம்னு ஒருத்தர் பாடும்போது, எனக்கு ஜெர்மனி ஞாபகம் வரல.

சரி, போட்டியில யார் ஜெயிச்சாங்க? லீஸ் ஆசியா, "ரெஃப்ரேன்"ங்கிற பாட்டுக்கு. அதே ராட்டினப் பாட்டுப் பாடினவங்கதான், ஆனா ஜெயிச்சது அவங்களோட ரெண்டாவது பாட்டு, பிரெஞ்சுல பாடினது. ஷ்வார்ட்ஸ் எத்தனாவது வந்தாரு? இங்கதான் எனக்குள்ள இருக்குற இன்ஜினியருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். நாட்டுக்கு ரெண்டு நடுவர். ரகசிய ஓட்டு. சொந்த நாட்டுக்கே மார்க் போட்டுக்கலாம். லக்சம்பர்க் நடுவர்கள் வரல, அதனால அவங்க ஓட்டையும் சுவிஸ் நடுவர்களே போட்டாங்க! போட்டி நடத்துறது சுவிஸ், ஜெயிச்சது சுவிஸ். கடைசியில ஜெயிச்ச பேரை மட்டும் அறிவிச்சாங்க, மத்த 13 பாட்டோட மார்க்கை இன்னைக்கு வரைக்கும் வெளியிடல. லாக் இல்லை, ஆடிட் இல்லை. ஜெர்மனி ரெண்டாவது வந்துச்சுன்னு ஒரு பேச்சு சுத்திக்கிட்டே இருக்கு, ஆதாரம்னு ஒரு பேப்பர் கிடையாது. யாராவது அதை உறுதியா சொன்னா நம்பாதீங்க. லீஸ் ஆசியா ஏமாத்தி ஜெயிச்சாங்கன்னும் சொல்லாதீங்க, அதுக்கும் ஆதாரம் இல்லை. நல்ல பாட்டு அது.

அடுத்த வருஷம் போட்டி ஜெர்மனியிலேயே, பிராங்க்பர்ட்ல. அங்கதான் எல்லாரும் பார்க்குற மாதிரி ஸ்கோர்போர்டு வந்துச்சு. ஜெர்மனிக்காகப் பாடின மார்கோட் ஹீல்ஷர் கையில டெலிபோன் ரிசீவரைப் பிடிச்சுக்கிட்டு பாடினாங்க. முதல் வருஷத்து வெயிட்டிங் ரூம் கிளைமேட் அதோட காலி. ஜெர்மன் மொழிப் பாட்டு ஒண்ணு ஜெயிக்க 1966 ஆச்சு, அதுவும் ஆஸ்திரியாவோட ஊடோ யூர்கென்ஸ். ஜெர்மனி ஜெயிச்சது 1982-ல. நிக்கோல்னு 17 வயசுப் பொண்ணு, கையில கிட்டார், கொஞ்சம் சமாதானம் வேணும்னு ஒரு பாட்டு. ஷ்வார்ட்ஸ் அப்போ உயிரோடதான் இருந்தாரு. 1992-ல ஹைடல்பெர்க்ல இறந்தாரு.

கேக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு டிப். லுகானோ ராத்திரியோட வீடியோ கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சல, ஜெயிச்ச பாட்டைத் திரும்பப் பாடின துண்டு மட்டும்தான் இருக்கு. ஆனா வானொலிப் பதிவு இருக்கு. ஷ்வார்ட்ஸ் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். ஹெட்போன்ல கேளுங்க, ஸ்பீக்கர்ல வேண்டாம். ஜெர்மன் தெரியாட்டி பரவாயில்லை. "ஹொய்ட்ட"ன்னு ஒரு வார்த்தை வருதான்னு மட்டும் பாருங்க. இன்னைக்குன்னு அர்த்தம்.

நான் போன மாசம் பைக் புக் பண்ணிட்டேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.