சிசுவின் உச்சிக்குழி
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஆலைவேலைக்கு வந்து குடியேறிய நம்மவர் இல்லங்கள் பலவற்றில் பெரியோர் துணையில்லை. ஆதலின் யாம் இதனை எடுத்துரைக்கலானோம்.

பாட்டிமார் எண்ணெய் வைக்கும் உச்சிக்குழியில் எலும்பு இன்னும் கூடவில்லை. அவ்வழியே ஒலியலைகளைச் செலுத்தி மூளையைத் திரையிற் காண்பதே ஸ்கேன். எக்ஸ்ரேயைப் போன்ற கதிர் இதிலில்லை. மயக்க மருந்தும் வேண்டா. ஏறக்குறைய ஒன்றரை வயதில் குழி மூடிவிடின் இவ்வாயிலும் அடைபடும்.

32 வாரத்திற்கு முன் பிறந்த சிசுக்களிற் சிலருக்கு மூளையின் உள்ளறைகளில் இரத்தம் கசிவதுண்டு. பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்திற்குள். ஆகவே முதல் வாரத்திலேயே பார்க்கின்றனர். அது நன்றாயிருந்தால் நம்மவர் மறுமுறை செல்வதில்லை. ஷிப்டு தவறும், கூலி போகும் என்பர். நியாயந்தான். ஆயினும் இரத்தவோட்டக் குறைவால் நலிந்த மூளைப்பகுதியில் உண்டாகும் குழிகள் சில வாரங் கழித்தே தென்படும். கசிவின் பின் நீர் தேங்கித் தலை பெருப்பதும் தாமதித்தே வெளிப்படும். உரிய காலத்திற் கண்டால் நீரை வடிக்க வழியுண்டு. கைகால் பயிற்சியையும் முன்னரே தொடங்கலாம்.

செலவுக்கு அஞ்சற்க. 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, அரசாங்க மருத்துவமனைகளில் நோயுற்ற சிசுவுக்கு ஒரு வயது வரை பரிசோதனை இலவசம்.

டாக்டர் குறித்த தேதியில் தகப்பனார்க்கு விடுப்புக் கிடையாவிடின், தாயுடன் செல்லச் சங்கத் தொண்டர் ஒருவரை அனுப்புவோம். வேண்டுவோர் காரியதரிசியிடம் பெயர் கொடுக்க.