முதலில் நிழல், பிறகு மின்சாரம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் சகோதரிகள் இருவர் சேர்ந்து ஆற்றிய உரை)



"நீங்கள் கட்டின வீட்டைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று செயற்குழுவினர் கேட்டார்கள். எங்களில் ஒருவர் கணிதம் கற்பித்தவர், மற்றவர் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். இருவருமே கட்டடக் கலை படித்தவர்கள் அல்லர். வலிகாமம் வடக்கில் எங்கள் வளவு 2017 இல் விடுவிக்கப்பட்டபோது அங்கே கிணறும் இரண்டு வேம்பும் பழைய அத்திவாரத்தின் ஒரு மூலையும்தான் மிஞ்சியிருந்தன. அந்த இடத்தில் 900 சதுர அடியில் ஒரு வீட்டைக் கட்டி அம்மாவோடு குடியிருக்கிறோம். வீட்டில் ஏசி இல்லை. சித்திரை வெயிலிலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா உள்ளே நிம்மதியாக நித்திரை கொள்கிறார். அது எப்படி முடிந்தது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறோம்.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பலர் அம்மா அப்பாவுக்காக ஊரில் பெரிய வீடு கட்டுகிறார்கள். மேலே கொங்கிறீற்று, முன்னால் கண்ணாடி, அறைக்கு ஒரு ஏசி. பிள்ளைகள் அங்கே நிற்பது ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு மூன்று கிழமை. மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் இருப்பது எழுபது, எண்பது வயதுத் தாய் ஒருவர். மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து அவர் ஏசியைப் போடுவதில்லை. கள்ளருக்குப் பயந்து யன்னலைத் திறப்பதில்லை. அன்போடு கட்டிக் கொடுத்த வீட்டுக்குள் இரவு முழுவதும் வியர்த்தபடி கிடக்கிறார். இப்படிப்பட்ட தாய்மாரை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வீடு என்றால், உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாதபடி இறுக மூடிய வீடு. அங்கே அது சரி. யாழ்ப்பாணத்திலோ வெயிலை உள்ளே வரவிடாமல் தடுக்க வேண்டும், உள்ளே சேர்ந்த சூட்டைக் காற்றோடு அனுப்பிவிட வேண்டும். குளிர் நாட்டு வீட்டின் படத்தைக் கொண்டுவந்து இங்கே எழுப்பினால், மின்சாரத்தைக் கொட்டித்தான் அதற்குள் இருக்க முடியும்.

இந்த விடயத்தை எங்கள் மக்கள் ஒருமுறை பொதுவெளியிலேயே வாதாடியிருக்கிறார்கள். 2016 இல் வடக்கு, கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்ற திட்டம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வெப்பத்துக்கு இரும்பு வீடு ஒத்துவருமா, விறகடுப்புக்கு இடம் எங்கே, உள்ளூர் மேசன்மாருக்கு வேலை எங்கே என்று பொறியியலாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் கேட்டார்கள். திட்டம் நினைத்தபடி நிறைவேறவில்லை. அதற்கு முன்பே, இந்திய வீட்டுத் திட்டத்தில் 550,000 ரூபாய் தவணை தவணையாகக் கொடுக்கப்பட்டு, வீட்டுக்காரரே நின்று கட்டும் முறை இங்கே நடந்தது. கணவரை இழந்த பெண்கள் எத்தனையோ பேர் சீமெந்துப் பையை எண்ணி, மணலை அளந்து, மேசனிடம் கேள்வி கேட்டு வீட்டை முடித்தார்கள். நாங்கள் கட்டத் தொடங்கியபோது அவர்களிடம்தான் முதலில் ஆலோசனை கேட்கப் போனோம்.

இனி நாங்கள் கற்றவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, வெயில் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். ஆகவே சூட்டை அதிகம் வாங்குவது கூரை. அதற்கு அடுத்தது பின்னேர வெயில் சாய்வாக அடிக்கும் மேற்குச் சுவர். வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் இரண்டரை, மூன்று அடி தாழ்வாரம் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். மேற்குச் சுவரைத் தாழ்வாரம் மட்டும் காப்பாற்றாது. எனவே குளியலறையையும் சாமான் அறையையும் மேற்கே வைத்தோம். படுக்கையறைகள் கிழக்கே போயின. நின்ற வேம்பு இரண்டும் மேற்குப் பக்கம்தான். அவற்றைத் தறிக்கச் சொன்னவர்களுக்கு நாங்கள் செவி கொடுக்கவில்லை.

இரண்டாவது, கூரை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் தொடங்கிய பிறகு, சீமெந்து எங்கள் வீட்டுவாசலுக்கே வந்துவிட்டது. அதோடு தட்டைக் கொங்கிறீற்றுக் கூரை வசதியின் அடையாளமும் ஆயிற்று. அந்தத் தட்டு பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு, நாங்கள் படுக்கப் போகும் நேரத்தில் கீழே இறக்குகிறது. ஓட்டுக் கூரை அப்படியல்ல. மெல்லிய ஓடு விரைவில் சூடாகி, பொழுது பட்டதும் விரைவில் ஆறிவிடும். ஓட்டு இடுக்குகளால் வெப்பக் காற்றும் வெளியேறும். நாங்கள் ஓடு போட்டோம். அதன் கீழே பலகைத் தட்டு அடித்து, இரண்டுக்கும் நடுவில் காற்று ஓடுவதற்கு முகட்டின் இரு முனையிலும் வலை போட்ட துவாரம் விட்டோம். சிலாகைக்குப் பழைய வைரப் பனை வாங்கினோம். பச்சைப் பனையைத் தறிக்க அனுமதி வேண்டும், போரில் அழிந்த பனைகளோ எண்ணிலடங்கா. இடிந்த வீடுகளிலிருந்து கழற்றி விற்கும் பனை மரம் இன்னும் ஒரு தலைமுறைக்கு நின்றுபிடிக்கும்.

தண்ணீர்த் தாங்கி வைப்பதற்கு மட்டும் ஒரு சிறு கொங்கிறீற்றுத் தட்டுத் தேவைப்பட்டது. அதற்கு, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து ஏழைகளுக்கும் வீடு கட்டிக் கொடுத்த லோறி பேக்கர் பரப்பிய முறையைக் கையாண்டோம். தட்டின் கீழ்ப்பாதிக் கொங்கிறீற்று அதிகம் பாரம் தாங்குவதில்லை. அங்கே கம்பிகளின் இடைவெளியில் பழைய ஓடுகளை அடுக்கிவிட்டால் சீமெந்து மிச்சம், பாரம் குறைவு, சூடும் குறைவு. இதைப் பொறியியலாளர் ஒருவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். ஏற்கெனவே தட்டைக் கூரை போட்டவர்கள் மனம் தளர வேண்டாம். மேலே வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயிலில் பெரும் பங்கு திரும்பிப் போய்விடும். பந்தல் போல ஒரு நிழற்கூரை போட்டால் இன்னும் நல்லது.

மூன்றாவது, காற்று. சோளகம் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் வரும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் யன்னல் வைக்கும்போது அதை மறந்துவிடுகிறோம். ஒரு பக்கத்தால் வந்த காற்று மறுபக்கத்தால் போக வழி இல்லையென்றால் அது உள்ளே வராது. அதனால் ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பக்கம் யன்னல் வைத்தோம். டெங்குக் காய்ச்சலுக்காக வலை அடித்தால் காற்றுக் குறையும் என்பதால் யன்னலைப் பெரிதாக வைத்தோம். உறுதியான கம்பியும் போட்டோம். கம்பி இருந்தால்தான் தனியே இருக்கும் ஒரு பெண் இரவில் யன்னலைத் திறந்து வைப்பாள். இது எங்களுக்கு முக்கியமான பாடம். எந்தக் கணக்கும் அந்த வீட்டில் இருப்பவரின் பயத்தையும் சேர்த்துத்தான் போடப்பட வேண்டும்.

எங்கள் பாட்டிமாரின் நாற்சார் வீடு இவை எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தது. நடு முற்றத்தால் சூடு மேலே போயிற்று. சுற்றிவர இருந்த தாழ்வாரம் சுவருக்கு வெயில் படாமல் காத்தது. பகலில் உள்ளே, இரவில் விறாந்தையில் என்று மனிதர்களும் காற்றைத் தேடி நகர்ந்தார்கள். நாங்கள் பழைய வீட்டை அப்படியே கட்டவில்லை. பத்தடிக்குப் பத்தடி முற்றம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். பழையதையும் புதியதையும் இப்படிச் சேர்க்கலாம் என்று இலங்கையில் முதன்முதல் காட்டியவர்களில் ஒருவர் பெண். கண்டியில் பிறந்த மினெற் டி சில்வா 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் உறுப்பினரானார். அந்தத் தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவர். எங்கள் கல்லூரிப் பிள்ளைகளும் இந்தத் துறைக்குப் போக வேண்டும் என்பது எங்கள் ஆசை.

நான்காவது, தண்ணீர். எங்கள் நிலத்தடி நன்னீர் சுண்ணக்கல்லுக்குள் கடல் நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படை. மோட்டரால் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே வரும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். எங்கள் கூரை 110 சதுர மீற்றர். யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை. வீணாவது போக ஒரு இலட்சம் லீற்றருக்குக் குறையாமல் கிடைக்கும். 10,000 லீற்றர்த் தாங்கி ஒன்று கட்டினோம். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 30 லீற்றர் என்றால் 333 நாட்களுக்குப் போதும். முதல் மழையை வெளியே விட்டு, கூரை கழுவுப்பட்ட பிறகுதான் பீலியைத் தாங்கிக்குத் திருப்ப வேண்டும். தாங்கியின் வாயில் நுளம்பு வலை கட்டாயம். மிஞ்சுவது கிணற்றடிக் குழிக்குள் போகிறது. கட்டட வேலைக்கும் ஒரு சொல்: உப்பு மணலும் உப்புத் தண்ணீரும் கம்பியைக் கறளாக்கி, சில ஆண்டுகளில் கொங்கிறீற்றை வெடிக்கவைக்கும். மணலை நாக்கில் வைத்துப் பார்த்து வாங்கச் சொன்னவர், வீட்டுத் திட்டத்தில் தன் வீட்டைத் தானே கட்டிய ஒரு தாய்.

ஐந்தாவதாகத்தான் மின்சாரம். ஒரு சிறிய ஏசி ஓடும்போது ஏறக்குறைய 1,000 வாட் எடுக்கும். சாதாரண மின்விசிறி 70 வாட் அளவு, புதிய பிஎல்டிசி மின்விசிறி 30 வாட் அளவு. ஒரு ஏசியின் மின்சாரத்தில் முப்பது விசிறி சுழலும். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியபோது இந்தக் கணக்கு எல்லோருக்கும் உறைத்தது. வீடு குளிர்ந்திருந்தால் தேவை சிறிது. தேவை சிறிதாக இருந்தால் சூரியத் தகடும் சிறிதாகப் போதும். நல்ல வெயில் நாளில் ஒரு கிலோவாட் தகடு ஏறக்குறைய 4 அலகு தரும். எங்களுக்கு இரண்டு கிலோவாட் தாராளம்.

தகடு வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். பொது மின்விநியோகக் கம்பியோடு மட்டும் இணைத்த தகடு, மின்வெட்டு வந்தால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் தொழிலாளரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றபோது, கூரை நிறையத் தகடு வைத்தவர்களும் இருட்டில் இருந்தார்கள். நான்கு விளக்கு, இரண்டு விசிறி, கைத்தொலைபேசி இவற்றுக்காவது ஒரு சிறு பற்றரி வேண்டும். அந்த ஆண்டு எரிவாயுவும் கிடைக்கவில்லை. புகைக்கூட்டோடு வெளியே ஒரு விறகடுப்பு வைத்திருந்த வீடுகளில்தான் சோறு நேரத்துக்கு வெந்தது.

தோழிகளே, 1990 க்குப் பிறகு பல ஆண்டுகள் மின்சாரமே இல்லாமல் வாழ்ந்தவர்கள் நாங்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். அந்தக் கஷ்டம் திரும்ப வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மின்சாரம் இருக்கும்போது அளவாகவும், இல்லாதபோது அந்தரப்படாமலும் வாழக்கூடிய வீடு வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், ஊரில் வீடு கட்டப் பணம் அனுப்புவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். மேற்குச் சுவருக்கு நிழல் எது? காற்று எதனால் வந்து எதனால் போகும்? மின்சாரம் நின்ற இரவில் அம்மா எங்கே படுப்பார்? பதில் கிடைத்த பிறகு படத்தில் கையொப்பம் வையுங்கள். வளவில் மரம் நின்றால், வீட்டைச் சற்றுத் தள்ளிக் கட்டுங்கள்.

எங்கள் வீட்டைப் பார்க்க விரும்பும் எவரும் வரலாம். மத்தியானம் இரண்டு மணிக்கு வாருங்கள், அப்போதுதான் உண்மை தெரியும்.