சிறு கடனும் கணக்குப் புத்தகமும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மேடையில் கடனைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அதிலும், மலையிலும் காட்டோரத்திலும் வாழும் பழங்குடிப் பெண்கள் குழுவாகக் கடன் பெற்று நடத்தும் சிறு தொழில்கள் நமக்கு எதற்கு என்றும் கேட்கக்கூடும். காரணம் உண்டு. சேரியையும் பழங்குடிக் குடியிருப்பையும் நெடுங்காலம் ஒரே கயிறு கட்டி வைத்திருந்தது. அந்தக் கயிற்றின் பெயர் கடன். அதன் முடிச்சை அவிழ்க்கும் வழி கணக்கில் இருக்கிறது. கணக்கோ கல்வியின் ஒரு பகுதி. ஆகவே இது நம் கழகத்திற்கு உரிய பொருளே.

செங்கற் சூளைகளிலும், அரிசி ஆலைகளிலும், மரம் வெட்டும் களங்களிலும் இருளர் குடும்பங்கள் கொத்தடிமைகளாகக் கிடந்த வரலாற்றை நாம் அறிவோம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. அதன் பின்னரும் பல ஆண்டுகள் வரை வட மாவட்டங்களில் வருவாய்த்துறை அதிகாரிகள் இக்குடும்பங்களை மீட்டு, விடுதலைச் சான்று வழங்க வேண்டியிருந்தது. இம்மக்கள் தொடக்கத்தில் வாங்கியது என்ன? பெருஞ்செல்வமா? இல்லை. திருமணத்திற்கோ, மருத்துவத்திற்கோ வாங்கிய சில ஆயிரம் ரூபாய் முன்பணம். உழைக்க உழைக்க அது ஏன் தீரவில்லை? கணக்கு முதலாளியின் ஏட்டில் இருந்தது. உழைத்தவரின் கையில் இல்லை. எவ்வளவு கழிந்தது, எவ்வளவு நின்றது என்று கேட்பதற்கு அவரிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லை. சிறு தொகை மனிதனைக் கட்டியது என்பதைவிட, அந்தச் சிறு தொகையின் கணக்கு கட்டியது என்பதே பொருந்தும்.

அதே சிறு தொகை வேறொரு முறையில் கைக்கு வந்தால் என்ன செய்யும் என்பதை நீலகிரியில் காணலாம். தோடர் பெண்கள் வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் பின்னும் பூவேலையை உலகம் அறியும். இதற்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்பெண்கள் துணியில் எந்தக் கோலமும் வரைந்து கொள்வதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசியைச் செலுத்துகிறார்கள். அவர்களின் கலை முழுவதும் எண்ணிக்கையில் நிற்கிறது. இத்தகைய பெண்களுக்குக் கணக்கு வராது என்று எவரேனும் சொன்னால், அவர் அந்தப் போர்வையைப் பார்த்ததில்லை என்றே பொருள்.

ஆயினும் கலை உயர்ந்ததாக இருப்பதனால் மட்டும் கைத்தொழில் உயர்ந்துவிடாது. ஒரு போர்வையை முடிக்கப் பல வாரங்கள் ஆகும். துணியையும் நூலையும் முன்னரே வாங்கியாக வேண்டும். போர்வை விற்ற பின்னரே பணம் வரும். அதுவரை அடுப்பு எரிய வேண்டாமா? இந்த இடைவெளியில்தான் இடைத்தரகர் நுழைகிறார். நூலும் துணியும் அவர் தருவார். கைச்செலவுக்கும் கொஞ்சம் தருவார். முடிந்த பொருளுக்கு விலையையும் அவரே சொல்வார். இந்த இடைவெளியை அடைக்க ஒரு பெண்ணுக்குச் சில ஆயிரம் ரூபாய் போதும். வீடோ, நிலப் பட்டாவோ ஈடு வைக்க இயலாத அவளுக்கு அந்தத் தொகையை யார் தருவார் என்பதே கேள்வி.

உணவுத் தொழிலிலும் இதே நிலைதான். நெல்லி, தேன், சீயக்காய் ஆகியவற்றிற்குப் பருவம் உண்டு. பருவத்தில் சந்தை நிரம்பும், விலை விழும். கையில் பணம் இல்லாதவர் அன்றே விற்றாக வேண்டும். பணம் உள்ளவர் நெல்லியை உலர்த்தலாம், ஊறுகாய் போடலாம், தேனை வடிகட்டிப் புட்டியில் அடைக்கலாம், விலை ஏறும்வரை காத்திருக்கலாம். அந்தக் காத்திருக்கும் ஆற்றலுக்குத்தான் மூலதனம் என்று பெயர். கோத்தகிரியைச் சார்ந்து 2013-இல் அமைந்த ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம், பழங்குடி மக்களே பங்குதாரர்களாக இருந்து, காட்டு விளைபொருளையும் சிறுதானியத்தையும் பதப்படுத்தி விற்கிறது. 2021-இல் அதற்கு ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருது கிடைத்தது. நடுவண் அரசின் வன் தன் திட்டம் அண்ணல் அம்பேத்கரின் பிறந்த நாளான ஏப்ரல் 14 அன்று, 2018-இல், சத்தீஸ்கரின் பிஜாப்பூரில் தொடங்கப் பெற்றது. அதன் அமைப்பும் ஏறக்குறைய இதுவே: 20 பேர் வரை கொண்ட குழுக்கள் 15 சேர்ந்து, 300 பேர் கொண்ட ஒரு மையம், காட்டு விளைபொருளைச் சேகரித்தவரே பக்குவம் செய்து விற்பது.

இனி, குழுக் கடன் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காண்போம். 1974-இல் அகமதாபாத் நகரில் ஏழைத் தொழிலாளிப் பெண்கள் ஏறத்தாழ 4,000 பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கினர். அதுவே சேவா வங்கி. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களே அவர்களில் மிகுதி. ஆகவே புகைப்படத்தைக் கொண்டு அவர்களை அடையாளம் கண்டனர். நம் தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-இல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. அதிலிருந்து இம்முறை நாடெங்கும் பரவியது.

பத்து முதல் இருபது பெண்கள் ஒரு குழுவாகச் சேர்கின்றனர். முதலில் கடன் இல்லை, சேமிப்பு. சேர்ந்த பணத்தைத் தமக்குள்ளேயே சுழற்றுகின்றனர். சில மாதங்கள் ஒழுங்காக நடந்தபின், வங்கி அந்தச் சேமிப்பைப் போல் சில மடங்கு கடனைக் குழுவுக்குத் தருகிறது. ஈடு கேட்பதில்லை. குழுவின் நம்பிக்கையே ஈடு. இதற்கு ஐந்து விதிகள் உண்டு: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உட்கடன், தவணை தவறாமை, அன்றன்று எழுதப்படும் கணக்கு. ஐந்தாவது விதி தளர்ந்தால் மற்ற நான்கும் தாமே தளரும் என்பது நம் துணிபு.

ஏன் இவ்வாறு கூறுகிறோம்? குழுக் கடன் என்னும் பெயரிலேயே வேறொன்றும் நம் குடியிருப்புகளுக்குள் வந்திருக்கிறது. சேமிப்பு இல்லை, கூட்டத்தில் விவாதம் இல்லை. தனியார் நிறுவனத்தின் ஆள் வந்து பெண்களை வரிசையாக உட்கார வைத்து, படிவத்தில் ஒப்பம் வாங்கி, கடனைத் தந்து செல்கிறார். ஒருத்தி தவணை தவறினால், மற்றவர்களே அவள் வாசலில் போய் நிற்க வேண்டும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது கடன் என்று வளர்கிறது. 2010-இல் ஆந்திரத்தில் இவ்வாறு கடன் மேல் கடன் ஏறிப் பல உயிர்கள் தம்மை மாய்த்துக் கொண்டன. அம்மாநில அரசு அவ்வாண்டு அக்டோபரில் அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தது. தோழியை ஈடாக்கிய கடன் தோழமையையே தின்றுவிட்டது.

இரண்டையும் எவ்வாறு வேறுபடுத்துவது? எண்களை வைத்துப் பார்ப்போம். ஒரு பெண் 10,000 ரூபாயைப் பன்னிரண்டு மாதத் தவணையில் பெறுகிறாள் என்று கொள்க. இரு இடத்திலும் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 12 என்றே சொல்கிறார்கள். ஓரிடத்தில் முழு முதலுக்கும் ஆண்டு முழுவதும் வட்டி. அது 1,200 ரூபாய். மற்றோரிடத்தில் மாதந்தோறும் முதலில் ஒரு பகுதியை அடைத்து, மீதி நிற்கும் தொகைக்கு மட்டும் மாதம் நூற்றுக்கு 1. அது மொத்தம் 650 ரூபாய். சொன்ன வட்டி ஒன்று. கொடுத்த வட்டி வேறு. முதல் முறையில் உண்மை வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 21-க்கும் மேல். இன்னொரு வேறுபாடும் உண்டு. அந்த 1,200 ரூபாய் வெளியூருக்குப் போய்விடும். குழு தன் சேமிப்பிலிருந்து கொடுத்த உட்கடனாயின், அந்த 650 ரூபாய் குழுவின் பெட்டியிலேயே தங்கும். வட்டி கட்டியவளே அந்த வட்டிக்குப் பங்காளியும் ஆவாள்.

சட்டத்தையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். நுண்கடன் பற்றி ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த நெறிமுறைகளின்படி, குடும்பத்தின் மாத வருவாயில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகலாகாது. ஈடு கேட்கலாகாது. கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் கடன் அட்டை தரவேண்டும். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரலாகாது. முன்கூட்டியே அடைத்தால் தண்டம் இல்லை. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. இரவு 8 மணிக்கு வாசலில் நின்று குரல் உயர்த்துபவரிடம் இந்த விதியை எடுத்துச் சொல்ல அந்தத் தாயின் அருகில் படித்த ஒருவர் இருந்தால், அந்த இரவே வேறாக முடியும்.

கடனே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் நாம் மயங்குதல் கூடாது. இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, எத்தியோப்பியா, மொராக்கோ, போஸ்னியா ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015-இல் ஒருசேர வெளியாயின. நுண்கடனால் சிலர் தொழிலை விரித்தனர். ஆயினும் சராசரிக் குடும்பத்தின் வருவாய் பெரிதாக உயரவில்லை என்பதே அவை கண்ட முடிவு. இதில் வியப்பில்லை. நெல்லி பறிக்கும் காட்டில் உரிமை வேண்டும். அதற்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வரவேண்டும். செய்த பொருளுக்குச் சந்தை வேண்டும். பெண்ணின் பெயரில் வந்த கடன் பெண்ணின் கையிலேயே இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் கடன் வெறும் சுமை. இவை உள்ள இடத்தில் அது கருவி.

இளைஞர்களே! அண்ணல் அம்பேத்கர் 1923-இலேயே ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் எழுதிய பொருளியல் அறிஞர் என்பதை நாம் மறத்தலாகாது. பணம் எவ்வாறு நடக்கிறது என்று அறியாத மக்கள் பணத்தால் நடத்தப்படுவர். நம் கழகத்தில் பயின்றவர்கள் இன்று வங்கியிலும், பள்ளியிலும், அலுவலகத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் மாதத்தில் ஒரு மாலைப் பொழுதை, அருகிலுள்ள சேரியிலோ பழங்குடிக் குடியிருப்பிலோ நடக்கும் மகளிர் குழுக் கூட்டத்திற்கு அளிக்க வேண்டுகிறோம். அங்கே தலைமை தாங்க வேண்டாம். அறிவுரையும் கூற வேண்டாம். கணக்குப் புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டினால் போதும். பிறகு நான்கு கேள்விகளைக் கேட்கக் கற்றுக் கொடுங்கள்: முழு முதலுக்கு வட்டியா, மீதிக்கு வட்டியா? வட்டி யாரிடம் போய்ச் சேருகிறது? கடன் அட்டை யார் கையில் இருக்கிறது? இந்தக் கடனால் வாங்கும் பொருள், தவணை வருமுன் விற்குமா? இந்த நான்கையும் கேட்கத் தெரிந்த குழுவை எந்த நிறுவனமும் எளிதில் ஏய்க்க முடியாது. ஓராண்டு கழித்து அக்கணக்கை அப்பெண்களில் ஒருத்தியே படிக்கும் நாள் வரவேண்டும். அன்று நீங்கள் அடுத்த குடியிருப்புக்குப் போகலாம்.

நம் முன்னோர் பிறர் எழுதிய கணக்கிற்குக் கைந்நாட்டு வைத்தனர். நம் மகளிர் தாம் எழுதிய கணக்கில் தாமே கையொப்பம் இடட்டும். அதற்குத் துணை நிற்பது நம் கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணிகளுள் ஒன்றாகுக.