தமனியின் இறுக்கத்தை அறிவோம்



புதிய ரப்பர்க் குழாய் நீர் பாயும்போது நெகிழ்ந்து கொடுக்கும்; வெயிலில் காய்ந்து இறுகினால் நெகிழாது. இருதயத்திலிருந்து இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளும் அத்தகையனவே. முதுமை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல் ஆகியவற்றால் அவை இறுகுகின்றன. இருதயத்தின் சுமை பெருகுகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் நேரும் வாய்ப்பு மிகுகிறது. ஆயினும் வலி ஒன்றும் தோன்றுவதில்லை.

இவ்விறுக்கத்தை முன்னரே அறிய, செவிக்குப் புலனாகாத ஒலியலைகள் உதவுகின்றன. கழுத்தின்மேல் வைக்கும் சிறு கருவி ஒலியை அனுப்பி, தமனியின் சுவர்களிலிருந்து மீளும் எதிரொலியைப் பெறுகிறது. சுமார் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள அத்தமனி, ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே விரியும்; இறுகியதோ அதனினும் குறைவாக விரியும். அவ்விரிவையும் இரத்த அழுத்தத்தையும் கொண்டு இறுக்கம் கணிக்கப்படுகிறது. ஊசியில்லை, எக்ஸ்ரே கதிருமில்லை. படமெடுக்காமலே இவ்வாறு அளக்கும் ‘ஆர்ட்சென்ஸ்’ என்னும் கருவியைச் சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்கள் உருவாக்கியுள்ளனர்.

இத்தகைய கருவி நம் ஊருக்கு வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. தமனியை இறுகச் செய்யும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சோதித்தறியலாம். 30 வயது கடந்த ஒவ்வொருவரையும் அங்கு அழைத்துச் செல்வதும், உப்பைக் குறைத்துப் புகையிலையை விலக்குமாறு எடுத்துரைப்பதும் வார்டு உறுப்பினர் ஒவ்வொருவரின் கடமையாகும்.